பிக்ஸி மாஸ்க்: க்ரூஸான் முகத்துக்குப் பொருந்துமா?

ரெஸ்மெட் நிறுவனத்தின் பிக்ஸி, 2 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளுக்கென்று செய்த மூக்கு மாஸ்க். தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்க அழுத்தக் காற்று தரும் சிபாப் மெஷினோடு மாட்டுவது. அளவு ஒன்றுதான். முகம் இயல்பாக வளர்ந்த குழந்தைகளுக்கு அந்த ஒரே அளவு பெரும்பாலும் ஒத்துப்போகும். மண்டை, முக எலும்புகள் பிறவியிலேயே சரியாக வளராத க்ரூஸான், ஆப்பெர்ட், ஃபைஃபர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த குழந்தைக்கு வாங்குகிறீர்கள் என்றால், பெட்டியில் போட்டிருக்கும் வயதை விட்டுவிட்டு மூக்குத்தண்டைப் பாருங்கள்.

இந்த மூன்றிலும் மேல்தாடையும் கன்ன எலும்பும் முன்னுக்கு வளராது. மூக்கின் பின்வழி குறுகி, அண்ணம் தொண்டையை நெருங்கிவிடும். தூக்கத்தில் தசை தளர்ந்ததும் மூச்சு அடைபடும். அடினாய்டு, டான்சில் எடுத்தும் சிலருக்கு இது தீராது. இரவுத் தூக்கத்தில் மூச்சை அளக்கும் ஸ்லீப் ஸ்டடியில் பெரியவர்களுக்கு மணிக்கு 5 அடைப்புக்குள் இருந்தால் விட்டுவிடுவார்கள். குழந்தைக்கு 1 வந்தாலே கணக்கு, 10-ஐத் தாண்டினால் கடுமை. முகத்தை முன்னிழுக்கும் அறுவைக்குக் காலம் வரும்வரை காற்றழுத்தத்தால் வழியைத் திறந்து வைக்க சிபாப் தருகிறார்கள்.

மாஸ்க் தோற்பது பெரும்பாலும் கண் ஓரத்தில். மூக்குத்தண்டு பள்ளமாக இருந்தால் முகத்தில் படியும் சிலிக்கான் குஷனின் இரு ஓரம் மட்டும் தோலைத் தொடும், நடுவில் இடைவெளி விழும், காற்று நேராகக் கண்ணுக்குப் போகும். க்ரூஸானில் கண் பிதுங்கியிருப்பதால் தூக்கத்தில் இமை முழுதாக மூடாது. இரவெல்லாம் காற்று பட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். உடனே கை போவது ஸ்ட்ராப்புக்குத்தான். இறுக்க இறுக்க சிலிக்கான் மடிந்து கசிவு கூடுமே தவிரக் குறையாது. ஏற்கெனவே பின்தங்கிய நடுமுகத்தைத் தினமும் பல மணி நேரம் பின்னுக்கு அழுத்துவதும் நல்லதல்ல.

பொருத்தும் முறை இது. குழந்தையைப் படுக்க வையுங்கள். உட்கார்ந்த நிலையில் பொருந்திய மாஸ்க் படுத்ததும் நகரும். மெஷினை ஓடவிட்டு, ஸ்ட்ராப்பைத் தளர்த்தி, மாஸ்கை முகத்திலிருந்து ஒரு நூல் தூக்குங்கள். குஷன் காற்றில் உப்பியதும் மெல்ல உட்கார வையுங்கள். ஸ்ட்ராப்புக்கு அடியில் சுண்டுவிரல் நுழைய வேண்டும். விரலை ஈரமாக்கி இரு கண்களின் உள்மூலையிலும் வைத்துப் பாருங்கள், சில்லென்றால் கசிகிறது. கழற்றி அரைமணி கழித்தும் தோல் சிவந்திருந்தால் இறுக்கம் அதிகம். இரண்டும் சேர்ந்தே இருந்தால் இந்த மாஸ்க் அந்த முகத்துக்கு ஆகாது. பல அளவு குஷன் உள்ள வேறு மாடலையோ, முகத்தை ஸ்கேன் செய்து தனியாகச் செய்யும் மாஸ்கையோதான் பார்க்க வேண்டும்.

எந்த மாடலானாலும் கொக்கியில் காந்தம் உண்டா என்று கேளுங்கள். மண்டையோட்டுத் தையல் முன்கூட்டியே மூடிய குழந்தைகளில் சிலருக்குத் தலையில் மூளை நீரை வடிக்கும் ஷன்ட் குழாய் இருக்கும், அதன் வால்வைக் காந்தம் மாற்றிவிடலாம். 2022 செப்டம்பரில் விஸ்ப் யூத் உள்ளிட்ட தன் காந்த மாஸ்குகளுக்கு இதே காரணத்துக்காக ஃபிலிப்ஸ் எச்சரிக்கை விட்டது. காந்தத்துக்கும் உடலுக்குள் வைத்த கருவிக்கும் இடைவெளி குறைந்தது 15 செ.மீ. என்றார்கள். மாஸ்க் உட்காரும் இடமோ அந்தக் குழந்தையின் தலையேதான்.

மாஸ்கோடு கடைக்காரர் அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ மெஷினையும் தள்ளிவிடப் பார்ப்பார். அப்படி ஒன்றான ரெஸ்மெட்டின் ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெட் 30 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கானது. சின்னக் குழந்தைக்கு அழுத்தத்தை லேபில் ஒரு இரவு படுக்க வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். 4 செ.மீ. நீர் அழுத்தத்தில் தொடங்கி, குறைந்தது 5 நிமிட இடைவெளியில் ஒவ்வொரு செ.மீ. ஆக ஏற்றுவார்கள். 12 வயதுக்குள் உச்சம் 15. அந்த எண்ணை வீட்டில் தொடாதீர்கள்.

வாயால் மூச்சு விடும் குழந்தைக்கு மூக்கு மாஸ்க் சரிவராது. முதலில் மூக்கின் வழியைப் பார்க்கச் சொல்லுங்கள். வாய், மூக்கு இரண்டையும் மூடும் மாஸ்கைத் தானே கழற்றத் தெரியாத குழந்தைக்குப் போடுவது ஆபத்து, வாந்தி வந்தால் நுரையீரலுக்குப் போகும். வாயில் டேப் ஒட்டவே கூடாது. மாஸ்கின் சிறு துளைகள் விட்ட மூச்சு வெளியேறும் வழி, அதன்மேல் போர்வை வரக் கூடாது. கரண்ட் போனால் உடனே கழற்றுங்கள். பேட்டரியில் ஓட்டும்போது காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயரை அணைத்தால் அதிக நேரம் தாங்கும்.

குஷனைத் தினமும் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் கழுவி நிழலில் காயவைத்தால் போதும். வெயில் ஆகாது.

நெற்றியும் நடுமுகமும் சேர்த்து முன்னிழுக்கும் மோனோபிளாக் அறுவைக்குப் பின் சர்ஜன் சொல்லும்வரை சிபாப் போடக் கூடாது. அழுத்தக் காற்று மண்டைக்குள் புகுந்துவிடும். எலும்பை மெல்ல முன்னிழுக்கத் தலையில் சட்டம் மாட்டியிருந்தால் ஸ்ட்ராப்புக்கும் இடமில்லை. சட்டம் கழற்றிய பிறகு முகமே வேறாகியிருக்கும், அலமாரியில் இருக்கும் பழைய பிக்ஸியை எடுத்து மாட்டாமல் மறுபடி ஸ்லீப் ஸ்டடிக்கு எழுதச் சொல்லுங்கள்.