ஆம்பூர் ஷூக் கடை: 5,495 கேட்ட பையன், 1,350-இல் முடித்த நான்

ஜூனில் வாங்கிய ஷூ, இப்போது நவம்பர். சோல் பிரியவில்லை, தையல் விடவில்லை. மூக்குப் பக்கம் மட்டும் தோல் உரிந்திருக்கிறது, அது ஷூவின் குற்றம் இல்லை, பிரேக் பிடிக்காத சைக்கிளைக் காலைத் தேய்த்து நிறுத்தும் என் பையனின் குற்றம். வாங்கிய அன்றைக்கே ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களை நம்பி ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்ததால், ஐந்து மாதம் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

பையன் ஏழாம் வகுப்பு, வேலூரில் தனியார் பள்ளி. தினமும் போடும் கறுப்பு ஷூவில் ஒரு தகராறும் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி, பக்கத்துக் கடையில் 700 ரூபாய்க்கு வாங்கினோம், முடிந்தது. பி.டி. பீரியட் வரும் புதன், சனியில் மட்டும் ஸ்போர்ட்ஸ் ஷூ, எதுவானாலும் சரி என்று விட்டுவிட்டார்கள். அங்கேதான் வினை.

எனக்கு இது புரிந்தது டியூஷன் வாசலில். நம் ஊரில் காலில் இருக்கும்வரை ஷூவை யார் உற்றுப் பார்க்கிறார்கள், கழற்றி வாசலில் விட்ட பிறகுதான் அதற்கு மரியாதையோ அவமரியாதையோ. மிஸ் வீட்டுப் படிக்கட்டில் பதினெட்டு, இருபது ஜோடி கிடக்கும். ஒரு நாள் திடீர் மழை, ஷூவை எடுத்து உள்ளே வைக்கலாம் என்று தேடினால் இவனுடையதைக் காணோம். யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள் என்றே நினைத்தேன். கடைசியில் பார்த்தால் குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால், சுவர் ஓரமாக, ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து வைத்திருக்கிறான். மேல் படியில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், டிக் மார்க் போட்ட ஷூ மூன்று ஜோடி. நான் ஒன்றும் கேட்கவில்லை. வண்டியில் வரும்போது அவனே, "அம்மா, அது 5,495தான்" என்றான். அந்தத் 'தான்'-க்கு அவனை அங்கேயே இறக்கிவிட்டிருக்க வேண்டும்.

வீட்டில் இரண்டு கட்சி. இவர், "ஒரே பையன், வாங்கிக் குடுத்துட்டுப் போயேன்" கட்சி. மாமியார், "ரெண்டு சைஸ் பெருசா வாங்கி முன்னாடி பஞ்சு அடைச்சுக் குடு" கட்சி. நான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். பன்னிரண்டு வயதுக் கால், போன ஷூ எட்டு மாதம்தான் வந்தது. 5,495-ஐ எட்டால் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 690 ரூபாய், புதனும் சனியும் போட மட்டும். அதிலும், 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. 5,495-க்குள் வரியாகவே 838 ரூபாய் உட்கார்ந்திருக்கிறது. என் பையனின் பள்ளி ஷூவைவிட அந்த ஷூவின் வரி விலை அதிகம்!

சரி, ஆன்லைனில் 899-க்கு அதே டிக் மார்க்கோடு 'ஃபர்ஸ்ட் காப்பி' கிடைக்கிறதே என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். (கேட்டிருக்கக் கூடாது, தெரியும்.) "ஐயோ, அதுக்குப் பழசே பரவாயில்லைம்மா, லோகோவ நகத்தால சுரண்டிப் பார்ப்பானுங்க" என்றான். பிராண்டு இல்லாதவன் ஏழை, காப்பி போட்டவன் பொய்யன், இதுதான் ஏழாம் வகுப்புச் சட்டம்.

ஒரு ஷோரூமுக்கும் போனோம், எது என்று சொல்லப்போவதில்லை. ஏசி, பாட்டு எல்லாம் பிரமாதம். விற்பனைப் பையன் "என்ன சைஸ்?" என்று கேட்டான், பெட்டியைக் கொண்டுவந்தான், "ஃபிட்டா இருக்கு மேடம்" என்றான். குனிந்து காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் ஆம்பூர். வேலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஊரே தோலும் ஷூவும்தான், வெளிநாட்டுக்குப் போகும் ஆர்டரில் மிஞ்சியது, சின்னக் குறையால் கழித்தது எல்லாம் நெடுஞ்சாலை ஓரக் கடைகளுக்கு வரும். நாங்கள் போன கடை மெயின் ரோட்டில்கூட இல்லை, ஒரு சந்துக்குள். கடைப் பெயரைப் போடவா என்று கேட்டேன், கடைக்கார பாய் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒருத்தர் வந்து வீடியோ போட்டுவிட்டுப் போனதிலிருந்து "இருநூறு ரூபாய்க்கு லெதர் ஷூ எங்கே?" என்று தினம் பத்துப் பேராம்.

பாய் முதலில் விலையே பேசவில்லை. பையனை ஒரு வெள்ளைத் தாள் மேல் நிற்கச் சொன்னார், உட்கார வைத்து அளந்தால் சரியாக வராதாம், பாரம் இறங்கினால்தான் பாதம் விரியும். பேனாவை நேராகப் பிடித்து இரண்டு காலையும் சுற்றிக் கோடு இழுத்தார். இடது கால் கொஞ்சம் பெரிது, பன்னிரண்டு வருஷமாக அந்தக் காலைக் கழுவி விடும் எனக்கே தெரியாது. அப்புறம் ஷூவுக்குள் இருந்த இன்சோலை உருவிக் கீழே போட்டு, அதன் மேல் காலை வைக்கச் சொன்னார். விரலுக்கு முன்னால் என் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், பக்கவாட்டில் சதை வெளியே பிதுங்கக் கூடாது. முதல் ஜோடி நீளம் சரி, அகலத்தில் பிதுங்கியது. "இது ஐரோப்பாக்காரனுக்குப் போட்ட அச்சும்மா, நம்ம புள்ளைங்களுக்குப் பாதம் அகலம்" என்று திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டார். அவர் சொன்னது வியாபாரப் பேச்சு இல்லை. அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் கால் அளவெடுத்து, நம் கால்களுக்கென்று தனி அளவுமுறையே பரிந்துரைத்திருக்கிறது. அதற்கு 'பா' என்று பெயர், 'பாரத்' என்ற சொல்லின் முதலெழுத்து.

மாமியாரின் இரண்டு சைஸ் யோசனையை மெல்ல எடுத்துவிட்டேன். ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் எட்டரை மில்லிமீட்டர், இரண்டு சைஸ் என்றால் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் கிட்டத்தட்ட காலியாக இருக்கும், குதிகால் தூக்கித் தூக்கி அடிக்கும், ஓடினால் பையன் விழுவான் என்றார். விற்க மாட்டேன் என்றே சொல்லிவிட்டார்.

கடைசியில் எடுத்தது வெள்ளைத் தோல், சாம்பல் ரப்பர் சோல், எந்த லோகோவும் இல்லை. முன்பக்கம் விரல் மடங்கும் இடத்தில் மட்டும் வளைகிறது, நடுவில் வளையவில்லை. பின்பக்கம் அமுக்கினால் அமுங்கவில்லை. 1,600 சொன்னார், 1,350-க்கு வந்தார்.

குறையும் சொல்ல வேண்டும். கேட்டால்தான் பில். ஒரு தடவை வெளியே போட்டு நடந்துவிட்டால் மாற்ற முடியாது. நினைத்த நிறத்தில் நினைத்த சைஸ் கிடைக்காது, இருப்பதில்தான் எடுக்க வேண்டும். அப்புறம் முக்கியமானது, பழைய சரக்கு. இரண்டு வருஷம் முன்னால் இதே சாலையில் வேறொரு கடையில் இவருக்கு வாங்கிய ஷூ பார்க்கப் புத்தம்புதிது, முதல் வாரத்திலேயே சோல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பி.யூ. (பாலியூரித்தேன்) சோல் உள்ள ஷூவைக் காலில் போடாமல் பெட்டிக்குள் வருஷக்கணக்கில் வைத்திருந்தால் காற்றின் ஈரத்திலேயே சோல் உளுத்துப்போகும் என்று அப்போது தெரியாது. சோல் ஓரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள், பிசுபிசுப்போ கீறலோ இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பையன் என்ன சொன்னான்? கடையில் ஒன்றும் சொல்லவில்லை, பிரியாணி சாப்பிடும்போதும் முகம் தொங்கியே இருந்தது. (ஆம்பூர் வரை போய்க் கத்திரிக்காயைத் தொடாமல் எழுந்தவன் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.) புதன்கிழமை டியூஷனில் ஒருத்தன் கேட்டிருக்கிறான், "என்ன பிராண்டுடா?" இவன் யோசித்து, "எக்ஸ்போர்ட்" என்றிருக்கிறான். இரண்டு வாரம் அந்த ஒரு வார்த்தை ஓடியது. மூன்றாவது வாரம் யாரோ புதிதாக ஆறாயிரத்துக்கு ஒன்று போட்டு வந்தான், அதோடு இவன் கதை பழசு. ஆனால் குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் போகவில்லை. மூன்றாவது படியில் விடுகிறான், நேராகவே.

பாய் இழுத்த கோட்டுத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நேற்று அதன் மேல் அவனை நிற்கச் சொன்னேன். பெருவிரல் பேனாக் கோட்டைத் தாண்டி அரை சென்டிமீட்டர் வெளியே வந்துவிட்டது. பொங்கல் லீவில் மறுபடி ஆம்பூர், இந்த முறை பிரியாணிச் செலவு அவன் உண்டியலில் இருந்து.