அக்காவின் சான்றிதழும் என் சான்றிதழும்

அக்காவுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்கு ஆனது. அவளுக்கு மாமாவின், அதாவது அவள் கணவரின், ஹட்டியில் (நீலகிரியில் படுகர்கள் ஊரை அப்படித்தான் சொல்வோம்), ஊரே கூடி, பந்தி பந்தியாகச் சாப்பாடு. எனக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில், மூன்று சாட்சிகளோடு, அதன்பிறகு கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரியாணி. ஆனால் திருமணச் சான்றிதழ் என்று வந்தால் நான் வாங்கியதுதான் மேல் என்று இன்றும் சொல்வேன். அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அவள் சொல்வது சரி.

இருவரும் எடுத்தது வேறு வேறு வழி. அவளுக்கு இந்து திருமணச் சட்டம், 1955. எனக்குச் சிறப்புத் திருமணச் சட்டம், 1954. நான் படுகர் வீட்டுப் பெண், இவர் கூடலூரில் வளர்ந்த கத்தோலிக்கர். அதனால் அக்காவின் வழி எனக்குத் திறக்கவே இல்லை. இந்து திருமணச் சட்டத்துக்கு இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். "ஐயர் கூட வேண்டாம், மாலை மாற்றி சுயமரியாதைக் கல்யாணம் பண்ணிக்கோ" என்று ஒரு தோழி சொன்னாள். 1967-இல் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவு அதற்கு வழி செய்கிறது, உண்மைதான். ஆனால் அதுவும் இரண்டு இந்துக்களுக்குத்தான். "ஒரு நாளைக்கு மதம் மாறின மாதிரி காட்டிடலாம்" என்று சொன்னவர்களும் உண்டு. அதை இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மாமியாருக்குச் சர்ச்சில் நடக்க வேண்டும் என்று ஆசை. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும், ஆகவே அது சட்டப்படி முடிகிற காரியம். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயரின் அனுமதி, அதற்கான வகுப்புகள் என்று தனி வரிசை இருக்கிறது. எங்களுக்கு அது ஒத்துவரவில்லை. பிறகு ஒரு ஜெபத்தோடு மாமியாரைச் சமாதானப்படுத்தினோம்.

அக்காவின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு நடப்பது அதுதான். கல்யாணம் முடிந்ததும் யாருக்கும் பதிவு நினைவில்லை. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதமானாலும் கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும். அதைத் தாண்டினால் 150 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். மாமாவுக்குத் துபாயில் வேலை கிடைத்து, அக்காவைக் கூட்டிப்போகக் குடும்ப விசா என்று வந்தபோதுதான் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். அதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. அப்புறம் இந்து திருமணச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின் கீழ் பதிந்தார்கள். பழைய கல்யாணங்களை அந்த வழியில் பதிகிறவர்கள் நிறையப் பேர்.

அங்கேதான் சிக்கல். அந்தப் பதிவு ஏற்கெனவே நடந்து முடிந்த கல்யாணத்தைக் குறித்துக்கொள்கிறது, அவ்வளவே. அதனால் கல்யாணம் நடந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். பத்திரிகை, மண்டப ரசீது, போட்டோ, சாட்சிகள். பத்திரிகையில் மாமாவின் பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக அச்சாகியிருந்தது. பள்ளிச் சான்றிதழில் வேறு பெயர். ஊர் முழுக்க அவரை அந்தப் பெயரில்தான் தெரியும், பத்திரிகை அடித்த பெரியப்பாவுக்கும் அப்படித்தான். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, மறுபடி ஒரு நாள் லீவு போட்டு, சாட்சிகளை மறுபடி கூப்பிட்டு... ஹட்டியில் கல்யாணம் என்பதால் மண்டப ரசீதும் இல்லை. அந்த அலுவலகத்தின் மேல் எனக்குக் குறை இல்லை, கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். சடங்கு நடக்காமல் பதிவு மட்டும் இருந்தால் அது இந்துத் திருமணமே ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, அலுவலகம் ஆதாரம் கேட்பதில் தப்பில்லை.

என் சான்றிதழ் மேல் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்த ஒரே விஷயம்தான். சிறப்புத் திருமணச் சட்டத்தில் அந்த அறையில் நடப்பதுதான் கல்யாணம். திருமண அலுவலர் முன்னால், அதாவது சார்பதிவாளர் முன்னால், மூன்று சாட்சிகள் பார்க்க, "உங்களை என் சட்டப்படியான கணவராக ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அவரும் அப்படியே சொல்ல வேண்டும். இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலும் சொல்லலாம். படுகில் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. இவருக்குப் படுகு புரியாது, ஆகவே தமிழ்தான். சொல்லி முடித்துக் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ். அதற்கு முன்னால் கல்யாணமே இல்லை என்பதால் பத்திரிகை எங்கே, போட்டோ எங்கே என்ற கேள்விக்கே இடமில்லை.

சட்டத்தின் வார்த்தையிலேயே இந்த வித்தியாசம் தெரிகிறது. இந்து திருமணச் சட்டம் தன் பதிவேட்டைச் சாட்சியமாக ஏற்கலாம் என்கிறது. சாட்சியம் என்றால் எதிர்த்தரப்பு மறுத்து வாதாடலாம். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 13-ஆவது பிரிவோ, சான்றிதழைப் பதிவேட்டில் ஏற்றியதும் அதுவே கல்யாணம் நடந்ததற்கு முடிவான சான்று என்கிறது. நாளைக்கு ஒரு சொத்துத் தகராறில் யாராவது "இந்தக் கல்யாணமே நடக்கவில்லை" என்று கிளம்பினால், அக்கா மறுபடி போட்டோ ஆல்பத்தையும் பெரியப்பாவையும் தேட வேண்டியிருக்கும். நான் ஒரு தாளை எடுத்து வைத்தால் போதும். துபாய் விசாவுக்கு அக்காவின் சான்றிதழ் செல்லாமல் போகவில்லை. வெளியுறவு அமைச்சக முத்திரை, தூதரக முத்திரை எல்லாம் வாங்கிப் போய்விட்டாள். நான் இதுவரை விசாவுக்குக் கொடுத்ததில்லை. வங்கிக் கணக்குக்கும் ஆதார் முகவரி மாற்றத்துக்கும் கொடுத்தேன், யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பாஸ்போர்ட்டுக்குத் திருமணச் சான்றிதழ் வேண்டியதில்லை என்று 2016 டிசம்பரிலேயே விதியைத் தளர்த்திவிட்டார்கள், ஆகவே அதற்காக யாரும் ஓட வேண்டாம்.

இனி என் வழியின் விலை. முதலில் காத்திருப்பு. இருவரில் ஒருவராவது அந்த அலுவலக எல்லைக்குள் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், பிறகு நோட்டீஸ் கொடுத்து இன்னொரு 30 நாள். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மலையில் இருப்பவர்கள் இந்த மூன்று மாதத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நாங்கள் செப்டம்பர் கடைசியில் நோட்டீஸ் கொடுத்தோம், நவம்பரில் தேதி வைத்தோம். அன்றைக்குப் பார்த்து மழை. மரம் விழுந்து ரோடு அடைபட்டது. இவர் பக்கத்து சாட்சிகள் கூடலூரிலிருந்து ஊட்டி வந்து வண்டி மாறி வர வேண்டியவர்கள், பாதி வழியில் திரும்பிப் போனார்கள். தேதியை ஒரு வாரம் தள்ளினோம். டிசம்பரில் நோட்டீஸ் காலாவதியாகும் நேரத்தில் இப்படி நடந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. முடிந்தால் பிப்ரவரி, மார்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்த நோட்டீஸ் பலகை. பெயர், வயது, முகவரி எல்லாம் போட்டு அலுவலகத்தில் ஒட்டுவார்கள். ஒருவர் வேறு எல்லையில் நிரந்தரமாக இருந்தால் நகல் அங்கேயும் போகும், எங்களுக்குக் கூடலூருக்கும் போனது. நகரத்தில் அதை யார் நின்று படிக்கப்போகிறார்கள்? இங்கே அப்படியில்லை. நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் அலுவலகங்கள். தேயிலைத் தோட்டம் வாங்குகிறவர், விற்கிறவர், அடமானம் வைக்கிறவர் எல்லோரும் அதே பெஞ்சில்தான் டோக்கனுக்காக உட்கார வேண்டும். கிரயப் பத்திரத்துக்குப் போன சித்தப்பா முறை ஆள் ஒருவர் பலகையைப் படித்துவிட்டு, அங்கிருந்தே அப்பாவுக்கு போன் போட்டார். அப்பாவுக்கு விஷயம் முன்பே தெரியும். "தெரியும்ப்பா, நீ உன் கிரயத்தைப் பாரு" என்று வைத்துவிட்டார்.

மதம் பிடிக்கவில்லை, சாதி பிடிக்கவில்லை என்பதெல்லாம் சட்டப்படி ஆட்சேபணையே இல்லை. ஏற்கெனவே துணை உயிரோடு இருப்பது, வயது போதாமை, மனநிலை, விலக்கப்பட்ட உறவு, இவைதான் கணக்கு. ஆனால் வீட்டில் உயிருக்கே ஆபத்து என்று ஓடி வருகிற ஜோடிக்கு ஒரு மாதம் பலகையில் பெயர் தொங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிகிறது. இருவரும் இந்துவாக இருந்தால் அவர்கள் 7-ஏ பக்கம் போவதே நல்லது. அந்த இடத்தில் என் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, சொத்து. இது அப்பாவின் கவலை. கூட்டுக் குடும்பத்து இந்து ஒருவர் வேறு மதத்தவரை இந்தச் சட்டப்படி மணந்தால், கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்ததாகவே சட்டம் வைத்துக்கொள்ளும். பங்கு போய்விடாது, பிரிந்த பங்காக இருக்கும். அதன்பிறகு எங்களுக்கான வாரிசுரிமை 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி. இருவரும் இந்துவாக இருந்தால் 1976 திருத்தப்படி இந்தச் சிக்கல் இல்லை. தாத்தா காலத்துத் தேயிலைத் தோட்டம் பாகம் பிரியாமல் கிடக்கிற வீடுகளில் இதை வக்கீலிடம் கேட்காமல் இறங்காதீர்கள். எங்களுடையது ஒன்றரை ஏக்கர், கேட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

அத்தை மகன், தாய்மாமன் மகனைக் கட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் வழக்கம் இருந்தால் போதும். சிறப்புச் சட்டத்தின் அட்டவணையில் இந்த உறவுகள் விலக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. விலக்கு வேண்டுமானால் அந்த வழக்கத்தை மாநில அரசு அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். முறை மாப்பிள்ளையோடு என் வழியில் வராதீர்கள்.

தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், பழனி மலைப் பளியர் போன்ற பழங்குடிகளுக்கு இந்து திருமணச் சட்டம் தானாகப் பொருந்தாது, அதன் 2-ஆவது பிரிவே அப்படிச் சொல்கிறது. அவர்கள் வழக்கப்படி நடந்த கல்யாணத்தை 2009 சட்டத்தில் பதிவது நேரான வழி. முதலில் தெரியாமல் இந்து என்ற படிவத்தை நிரப்பிக்கொண்டு போய் நிற்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஒரே மதத்து ஜோடி, வீட்டில் சம்மதம், ஊரறிய கல்யாணம் என்றால் அக்காவின் வழியிலேயே போகலாம், ஆனால் அவள் செய்த தாமதம் வேண்டாம். பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, நேரம் குறித்து, 90 நாளுக்குள் முடித்துவிடுங்கள். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைப் பள்ளிச் சான்றிதழைப் பார்த்து அச்சடிக்கச் சொல்லுங்கள், பெரியப்பா என்ன சொன்னாலும் சரி.

எந்த வழியானாலும் கையெழுத்துக்கு முன்னால் பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். நம் இன்ஷியல் பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்து நிற்கும், சான்றிதழில் ஒற்றை எழுத்தாகவே நின்றுவிடும். இவருக்கு அப்படித்தான் வரப்போனது, கடைசி நேரத்தில் மாற்றச் சொன்னோம். அன்றைக்கே கூடுதலாக ஒரு சான்றிட்ட நகலுக்கும் மனு கொடுத்தோம். அசல் எங்கள் பீரோவில் இருக்கிறது. நகல் கூடலூரில், மாமியாரின் பைபிளுக்குள்.