காட்டைக் காப்பதா, வரி ஆந்தையைக் குறைப்பதா?

அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் வாழும் வடக்குப் புள்ளி ஆந்தை, 1990இல் அச்சுறுத்தலுக்குள்ளான துணையினமாக அறிவிக்கப்பட்டது. அதைக் காக்க இரண்டு வழிகள் பேசப்படுகின்றன.

முதலாவது, முதுகாடுகளில் மரம் வெட்டாமல் விடுவது. 1994ஆம் ஆண்டின் வடமேற்கு வனத் திட்டம் கூட்டரசு நிலங்களில் இதற்குத்தான் வழி செய்தது. கூடுகட்டப் பெருமரம், இரைக்குப் பறக்கும் அணில் இரண்டும் அங்கே கிடைக்கும். ஆனால் வெட்டிய காடு மறுபடி முதிர நூறாண்டுக்கு மேல் ஆகலாம்.

இரண்டாவது கசப்பானது: கிழக்கிலிருந்து பரவிவந்த வரி ஆந்தையைச் சுட்டுக் குறைப்பது. அது உருவில் பெரியது, கிடைத்ததைத் தின்னும், சிறு பரப்பிலேயே நெருக்கமாக வாழும். புள்ளி ஆந்தையை எளிதில் விரட்டிவிடும். 2021இல் வெளியான கள ஆய்வின்படி, வரி ஆந்தையை அகற்றிய இடங்களில் புள்ளி ஆந்தைகளின் சரிவு ஆண்டுக்கு 0.2%, அகற்றாத இடங்களில் 12.1%. இவ்வளவு விரைவான பலனைக் காட்டைக் காப்பது மட்டும் தராது. அவசரத்துக்கு இதுவே சரி என்பேன், காடும் நிற்கிறது என்றால்.

சிக்கல், இதை நிறுத்தவே முடியாது. நிறுத்தினால் வரி ஆந்தை திரும்பிவிடும். 2024இல் ஒப்புதல் பெற்ற திட்டம், 30 ஆண்டுகளில் சுமார் 4,50,000 வரி ஆந்தைகள் வரை கொல்ல இடமளிக்கிறது.