எம்ஜிபி: பெல்ட் விசிறியா, மின்விசிறியா?

எம்ஜிபி கார்க்காரர்கள் இருவர் சந்தித்தால், ஆயில் பிரஷர் பேச்சு முடிந்ததும் அடுத்து வருவது ரேடியேட்டரைக் குளிர்விக்கும் விசிறிதான். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான கார் இது. நாலு சிலிண்டர் மாடல்களில் 1976 நடுப்பகுதி வரை விசிறி, என்ஜின் பெல்ட்டில் சுற்றும் வாட்டர் பம்ப் புல்லியில்தான் பூட்டப்பட்டிருக்கும். பிறகு ரேடியேட்டரை முன்னால் தள்ளி, தொழிற்சாலையிலேயே மின்விசிறி போட்டுவிட்டார்கள். என்னுடையது 1971 மாடல். அதற்கு மின்விசிறி மாட்டியிருக்கிறேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்ததே.

பெல்ட் விசிறியின் நல்லதை முதலில் சொல்லிவிடலாம். வயர் இல்லை, சுவிட்ச் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. பெல்ட் அறுந்தால் வாட்டர் பம்பும் நின்றுவிடும், எப்படியும் வண்டியை ஓரம் கட்டத்தான் வேண்டும். கெட்டதும் எல்லோருக்கும் தெரியும். நெரிசலில் என்ஜின் ஐடிலில் இருக்கும்போதுதான் காற்று அதிகம் வேண்டும், அப்போதுதான் அது மெதுவாகச் சுற்றும். மோட்டர்வேயில் எதிர்காற்றே போதும், அங்கே சத்தம் போட்டுக்கொண்டு வேகமாகச் சுற்றும். மின்விசிறிக்கு மாறினால் குதிரைத்திறன் கூடும் என்பார்கள். சத்தம் குறைந்தது நிஜம். இழுவை கூடியதாக என் காலுக்குத் தெரியவில்லை.

மாறுவது என்று முடிவெடுத்த பிறகு எந்த விசிறி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதை எது ஆன் செய்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

தெர்மோஸ்டாட்டும் விசிறி சுவிட்சும் ஒரே வேலையைச் செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. என்ஜின் எந்த வெப்பத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதைப் பார்த்துக்கொள்வது தெர்மோஸ்டாட், ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு. எதற்கு மேலே ஏறக் கூடாது என்பது விசிறியின் பொறுப்பு. 82 என்று பொறித்த தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும். முழுக்கத் திறக்க இன்னும் பத்து டிகிரியாவது ஏற வேண்டும். மேல் ஹோஸில், அதாவது என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குச் சூடான கூலன்ட் போகும் குழாயில், விசிறியை 80 டிகிரிக்கு வைத்தால், சூடேறிய என்ஜினில் அது நிற்கவே நிற்காது. தெர்மோஸ்டாட் திறப்பதும் விசிறி குளிர்விப்பதுமாக மல்லுக்கட்டும். கூடுதல் பலன் ஒன்றும் இல்லை.

சுவிட்சில் பரவலாக இரண்டு வகை உண்டு. ஒன்று, திருகிச் சரிசெய்யும் குமிழ் வைத்தது. மெல்லிய செம்புக் குழாயின் நுனியை மேல் ஹோஸுக்குள் நுழைத்து, ஒரு ரப்பர் பட்டையோடு கிளிப்பை இறுக்க வேண்டும். மாட்டுவது சுலபம், ஆனால் அந்தக் குழாய் நுழையும் இடத்தில்தான் கூலன்ட் கசியும். குமிழில் டிகிரி எண் இருக்காது. அதிர்வில் அது கொஞ்சம் நகர்ந்தாலும் தெரியாது. இன்னொன்று, வெப்பநிலை நிலையாக அமைந்த திருகு சுவிட்ச். மேல் ஹோஸை வெட்டி, நடுவில் சிறு அலுமினியக் குழாய் வைத்து அதில் திருக வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது இது: 92-இல் ஆன், 87-இல் ஆஃப். அந்த ஐந்து டிகிரி இடைவெளி முக்கியம். அது இல்லையென்றால் விசிறி நிமிடத்துக்கு நாலு தடவை துடிக்கும்.

கீழ் ஹோஸில் வைக்கச் சொல்பவர்களும் உண்டு. அங்கே வருவது ரேடியேட்டரில் ஆறிய தண்ணீர், ஆகவே அதற்கேற்பக் குறைந்த டிகிரி சுவிட்ச் வேண்டும். மேல் ஹோஸுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது: கூலன்ட் குறைந்து அங்கே காற்று தங்கினால் சுவிட்ச் சூட்டைச் சரியாக உணராது. அப்படியிருந்தும் என்ஜினிலிருந்து நேராக வரும் சூட்டைப் பார்த்து முடிவெடுப்பதையே நம்புகிறேன். கேஜில் 95-ஐப் பார்த்துப் பதற வேண்டாம். ரேடியேட்டருக்கு 10 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் வெறும் தண்ணீரே 115 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும்; ஆன்டிஃப்ரீஸ் கலந்தால் இன்னும் மேலே.

வயரிங்கில் ஒரு சின்ன விஷயம் பலரையும் சுற்ற வைக்கிறது. அலுமினியக் குழாயின் இரு பக்கமும் ரப்பர் ஹோஸ், அதற்கு எர்த் (கார் உடம்போடு மின்தொடர்பு) கிடைக்காது. இரண்டு முனை உள்ள சுவிட்ச் வாங்குங்கள், இல்லையென்றால் குழாய்க்குத் தனி எர்த் வயர் போடுங்கள். மோட்டாரின் மின்சாரம் சுவிட்ச் வழியே போகக் கூடாது, சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஆன் செய்யும் ரிலே வேண்டும். ரிலேயை இயக்க இக்னிஷன் வழியாக வரும் பச்சை வயர். மோட்டாருக்கு, பேட்டரியிலிருந்து நேராக வரும் பழுப்பு வயரிலிருந்து தனி ஃபியூஸோடு எடுக்கலாம். இந்தக் காரின் மின்சாமான்களைச் செய்த லூகாஸ் கம்பெனியின் வயரிங்கில் பழுப்புக்கு ஃபியூஸே கிடையாது, அதை மறந்துவிடாதீர்கள். டாஷில் ஒரு சின்ன விளக்கும் வையுங்கள். மின்விசிறி செத்தால் சொல்லிக்கொண்டு சாகாது. அவ்வப்போது சுவிட்சின் இரண்டு வயரையும் சேர்த்துத் தொட்டு, சுற்றுகிறதா என்று பார்த்தால் போதும், பராமரிப்பு அவ்வளவுதான்.

பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ வைத்த பழைய கார்களுக்கு இதை நான் மாட்டிப் பார்த்ததில்லை, கணக்கை மட்டும் சொல்கிறேன். லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும், ஐடிலில் கிட்டத்தட்ட ஒன்றுமே தராது. விசிறிக்குப் பத்து ஆம்பியர், ஹெட்லைட்டுக்கு அதே அளவு என்றால், இரவு நெரிசலில் பேட்டரிதான் பாரம் சுமக்கும். என் காரின் ஆல்டர்னேட்டர் 34 ஆம்பியர், அதற்கே பெரிய உபரி இல்லை. பாசிட்டிவ் எர்த் கார் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடம்போடு சேர்ந்தது) என்றால் மோட்டார் எந்தத் திசையில் சுற்றுகிறது என்றும் பார்க்க வேண்டும். வயரை மாற்றிக் கொடுத்தால் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும். டைனமோ காரை அப்படியே வைத்திருப்பவர்கள் பெல்ட் விசிறியோடு இருந்துவிடலாம் என்பதே என் எண்ணம்.

மாற்றுபவர்களுக்கு: பழைய விசிறியைக் கழற்றினால் புல்லி போல்ட்டுகள் அந்தத் தடிமனுக்கு நீண்டு போகும், வாஷர் போடுங்கள் அல்லது குட்டையான போல்ட் வாங்குங்கள். கழற்றிய விசிறியைத் தூக்கிப் போடாதீர்கள். காரை விற்கும்போது ஒரிஜினல் எங்கே என்று கேட்பவர் கட்டாயம் வருவார்.