ரீமேப் போடப் போறவங்க கவனத்துக்கு: டிசம்பர் காலையில் எடுத்த டைனோ கிராஃபை நம்பாதீங்க

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பணம் திரும்ப வாங்கும் பேச்சு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. கோயம்புத்தூர் என்பது வரை சொல்கிறேன்.

வண்டி ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ. கம்பெனிக் கணக்கில் 180 பிஎஸ் சக்தி, 250 என்எம் முறுக்குவிசை. நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. 42,000 ரூபாய் கொடுத்து ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டேன், அதாவது பாகம் எதையும் மாற்றாமல் எஞ்சின் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றிச் சக்தியைக் கூட்டுவது. அந்த 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு வரம்பே 250 என்எம்தானே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் தாங்குமுங்ணா" என்ற ஒரே வார்த்தைதான் பதில். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

டிசம்பர் மாதம், காலை ஏழு மணி, வெளியே 22 டிகிரி. வண்டியை டைனோவில் (சக்கரங்களை உருளை மேல் சுழலவிட்டுச் சக்தியை அளக்கும் மேடை) ஏற்றி, பானட்டைத் திறந்து, கல்யாண மண்டபத்தில் வைப்பது போன்ற இரண்டு ராட்சத ஃபேன்களை முன்னால் நிறுத்தினார்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் பத்து நிமிடம் ஆற விட்டார்கள். கிராஃபில் 224 குதிரைத்திறன். அதை நான் லேமினேட் வேறு பண்ணி வைத்தேன்.

அந்தக் காகிதத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததை ஐந்து மாதம் கழித்துத்தான் படித்தேன். கரெக்‌ஷன் 1.07. அதாவது இயந்திரம் உண்மையில் அளந்தது சுமார் 209. அதை 15.5 டிகிரி, கடல்மட்ட அழுத்தம் என்ற பழைய அளவுகோலுக்கு மாற்றி 7 சதவீதம் ஏற்றியிருக்கிறார்கள். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) இல்லாத எஞ்சினுக்கு அந்தக் கணக்கில் நியாயம் உண்டு. டர்போ வண்டியில் அழுத்தம் குறைந்தால் ஈசியூவே (எஞ்சின் கணினி) வேஸ்ட்கேட்டை, அதாவது டர்போவைச் சுழற்றும் புகையை விலக்கிவிடும் கதவை, இன்னும் மூடி, டர்போவை வேகமாகச் சுழற்றி ஈடுகட்டிவிடுகிறது. ஈடுகட்டியதற்கு மேல் இன்னொரு முறை ஈடுகட்டினால்? அதுதான் என் 224.

மே மாதம், அக்னி நட்சத்திரம். அக்கா வீட்டுக்கு வேலூர் போகிறோம். சேலம் தாண்டி தொப்பூர் ஏற்றம், மதியம் ஒரு மணி, முன்னால் வரிசையாக லோடு லாரிகள், உள்ளே ஏசி முழுசாக. முந்துவதற்காக மிதித்தால் மீட்டரில் பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) 1.3 பார் காட்டுகிறது, டிசம்பரில் காட்டிய அதே 1.3. ஆனால் வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறது. நாலாவது முறை மிதித்தபோது எஞ்சின் கோளாறைக் காட்டும் இபிசி விளக்கு எரிந்தது, சக்தி மொத்தமாகப் போய்விட்டது. வலது பக்கம் பேருந்து ஹாரன் அடிக்க, இடது பக்கம் லாரி. பின்சீட்டில் அம்மா. அந்தப் பத்து விநாடியை எழுத எனக்கு வராது.

சுங்கச்சாவடிப் பக்கம் ஓரம் கட்டி ரீமேப் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்ணா, இந்த வெயில்ல எந்த டர்போ வண்டியா இருந்தாலும் பூஸ்ட் குறையத்தானுங்க செய்யும்."

"குறையலையேப்பா, மீட்டர்ல 1.3 காட்டுச்சு."

"அப்போ பெட்ரோல் சரியில்லீங்ணா. பெரிய இன்டர்கூலர் ஒண்ணு போட்டுருவோம். உங்களுக்காக 55,000-க்குப் பண்ணித் தர்றேன்."

95 ஆக்டேன் பெட்ரோலுக்கான ரசீது சட்டைப்பையிலேயே இருந்தது.

வேலூர் போய்ச் சேர்ந்ததும், வண்டியிலேயே செருகி வைத்திருந்த, எஞ்சின் கணினியின் எண்களைப் படிக்கும் ஓபிடி கருவி சேமித்த பதிவைத் திறந்தேன். டைனோ நாளில் இன்டர்கூலரை (டர்போ சூடாக்கிய காற்றை ஆற்றும் ரேடியேட்டர்) தாண்டி எஞ்சினுக்குள் போன காற்று 38 டிகிரி. தொப்பூரில் 71. அழுத்தம் இரண்டிலும் ஒன்றே. 38 என்பது கெல்வினில் 311, 71 என்பது 344. வகுத்தால் 0.90. மீட்டர் முள் அதே இடத்தில் நிற்க, உள்ளே போகும் காற்றின் எடை மட்டும் பத்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. பூஸ்ட் மீட்டர் காட்டுவது அழுத்தத்தை மட்டும். காற்று எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

71 ஏன் வந்தது? 40 டிகிரிக் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தினால், வெளியே வரும்போது 130 டிகிரியைத் தாண்டியிருக்கும். அதை ஆற்ற வேண்டிய இன்டர்கூலர் இந்த வண்டியில் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. லாரிக்குப் பின்னால் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் அதற்குக் கிடைப்பது அனல் காற்றுதான். (நம்ம நண்பர் ஒருத்தர் "அப்போ ஊட்டியில ஓட்டு, ஜில்லுனு பறக்கும்" என்றார். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே முக்கால் பங்குதான் ஐயா. அங்கே டர்போவுக்கு வேலை இன்னும் அதிகம்.)

இதெல்லாம் இயற்கை, கடைக்காரர் மேல் தப்பில்லை. தப்பு அடுத்தது. கம்பெனி மென்பொருளில், காற்று சூடானால் பூஸ்ட் இலக்கைக் குறைக்கவும் இக்னிஷன் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரம்) தள்ளிப்போடவும் அட்டவணைகள் உண்டு. என் ஃபைலை வேறொரு பட்டறையில் படிக்கச் சொன்னேன். அந்தத் தம்பி திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 20 டிகிரிக்கும் 1.00, 50 டிகிரிக்கும் 1.00, 80 டிகிரிக்கும் 1.00. வரிசை முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று. மொத்தத் திருத்தத்தையும் தட்டையாக்கி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு சூடானாலும் 1.3 கேட்டுக்கொண்டே இரு என்று உத்தரவு. சிலிண்டருக்குள் தாறுமாறாக வெடிப்பதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் மட்டும்தான் மிச்சம். அது மூன்றாவது சிலிண்டரில் டைமிங்கை 8 டிகிரி (இது வெப்பமல்ல, கிராங்க் சுழலும் கோணம்) பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றியிருக்கிறது. கடைசியில் டர்போவால் 1.05-க்கு மேல் கொடுக்க முடியாமல் பி0299, அதாவது பூஸ்ட் போதவில்லை என்ற பிழைக் குறியீடு விழுந்து வண்டி படுத்துவிட்டது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினோம். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். நடுவில் ஊசிமுனை அளவில் இரண்டு வெள்ளிப் பொட்டுகள். "அது பிஸ்டன் அலுமினியமுங்க" என்றார் அந்தத் தம்பி, மெதுவாக. கேமரா விட்டுப் பார்த்ததில் பிஸ்டன் தலை இன்னும் முழுசாக இருக்கிறது. இன்னும் ஒரு கோடை ஓட்டியிருந்தால் இருந்திருக்காது என்கிறார்.

போடுவதென்றே முடிவு செய்துவிட்டவர்கள் கரெக்‌ஷன் இல்லாத எண்ணைக் கேளுங்கள். மதியம் இரண்டு மணிக்கு, ஏசி போட்டு, ரோட்டில் ஓட்டி எடுத்த பதிவைக் கேளுங்கள். பூஸ்ட் இலக்கு, உண்மையான பூஸ்ட், உள்ளே போகும் காற்றின் வெப்பம், சிலிண்டர்வாரியாக டைமிங் எவ்வளவு பின்வாங்கியது என நாலும் அதில் இருக்க வேண்டும். மழுப்பினால் கிளம்பி வந்துவிடுங்கள். பழைய ஒரிஜினல் ஃபைலை ஒரு பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் கொடுக்காததால் அதைத் தேடிப் போட மட்டும் தனியாக 9,000 ஆனது.

கடைக்காரர் 15,000 திருப்பித் தருவதாகச் சொன்னார். முழுசாகக் கேட்டேன். அதோடு என் எண்ணை பிளாக் பண்ணிவிட்டார்.

போன ஞாயிறு ஒரிஜினல் ஃபைலோடு அதே தொப்பூரில் ஏறினேன். காற்று 66 டிகிரி வரை போனது. மீட்டர் முள் தானாகவே கீழே இறங்கியது. ஒரு லாரியை முந்த ரொம்ப நேரம் பிடித்தது. விளக்கு எதுவும் எரியவில்லை, அம்மா தூங்கிக்கொண்டே வந்தார்.