ஒரே ஆட்டத்தோடு போனவருக்கும் ஒரு பக்கம்: பேஸ்போல் ரெஃபரன்ஸ், சேபர் சேவைகள் பற்றிய மதிப்பீடு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளில் பேஸ்போலை ஒத்த எல்லே விளையாட்டைப் பழக்கும் ஆசிரியர்களுக்கும், கழகப் போட்டிகளில் ஓட்டப் பதிவேடு எழுதும் இளைஞர்களுக்கும் நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கும் இணையச் சேவைகள் இரண்டு உண்டு. ஒன்று, 2000ஆம் ஆண்டில் ஷோன் ஃபோர்மன் தொடங்கிய பேஸ்போல் ரெஃபரன்ஸ் என்னும் புள்ளிவிபரத் தளம். மற்றது, சேபர் எனப்படும் அமெரிக்க பேஸ்போல் ஆய்வுச் சங்கம் 2002 முதல் நடத்திவரும் வீரர் வாழ்க்கை வரலாற்றுத் திட்டம். புகழ்பெற்றவரைப் பற்றி எழுத எங்கும் ஆள் இருக்கும். ஆகவே இத்தகைய களஞ்சியத்தை, ஒரே ஆட்டத்தோடு மறைந்துபோனவருக்கு அது என்ன இடம் கொடுக்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்று கருதி, ஹூஸ்டன் அணியின் பழைய வீரர்களை இவ்விரண்டிலும் தேடிப் படித்தேன். 1962இல் கோல்ட் 45 என்ற பெயரில் ஆடத் தொடங்கி, 1965இல் கூரையிட்ட அஸ்ட்ரோடோம் அரங்குக்குப் போனபோது அஸ்ட்ரோஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட அணி அது.

லரி யௌன்டின் பக்கத்தைப் பார்த்தால் இத்தளத்தின் நேர்மை விளங்கும். 1971 செப்டெம்பர் 15ஆம் திகதி, அட்லாண்டாவுக்கு எதிரான ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் பந்துவீச அழைக்கப்பட்ட அவர், மேட்டில் நின்று சில பந்துகளை எறிந்து கையைச் சூடாக்கும்போதே முழங்கை வலியால் வெளியேறினார். பெயர் அறிவிக்கப்பட்டுவிட்டபடியால் விதிப்படி அது ஓர் ஆட்டமாகக் கணக்கில் வந்தது. பிறகு அவருக்கு அமெரிக்க பேஸ்போலின் உச்சமட்டமான மேல்நிலை லீக்கில் (மேஜர் லீக்) வாய்ப்புக் கிடைக்கவேயில்லை. ஓர் ஆட்டம், மற்றவை யாவும் பூச்சியம் என்ற அந்த ஒற்றை வரியை, மில்வோக்கி அணிக்காக 20 பருவங்கள் ஆடி 3,142 வெற்றி அடிகள் (ஹிட்) குவித்த அவருடைய தம்பி ரொபின் யௌன்டின் நீண்ட அட்டவணைக்குக் கொடுத்த அதே அமைப்பில், அதே கவனத்தோடு இத்தளம் பதித்து வைத்திருக்கிறது. இந்தச் சமநோக்கையே நான் பெரிதும் மதிக்கிறேன்.

1963 செப்டெம்பரின் கடைசி வாரம் இன்னும் செறிவானது. அம்மாதம் 27ஆம் திகதி ஹூஸ்டன், தொடக்க அணி முழுவதையும் புதுமுகங்களாகவே நிறுத்தி நியூயோர்க் மெற்ஸை எதிர்கொண்டது. பந்துவீசிய ஜே டாலுக்கு வயது 17. மூன்று இன்னிங்ஸ்கூட முடியுமுன் ஏழு ஓட்டங்கள் போயின. அணி 10-3 என்று தோற்றது. அன்று ஆடியவர்களுள் ஜோ மோர்கன் பின்னாளில், தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் பேஸ்போல் புகழ் மண்டபத்துக்குப் போனார். டால் 1965இல் ஒரு கார் விபத்தில் 19 வயதில் இறந்தார். மேல்நிலை லீக்கில் அவர் ஆடியது அந்த ஓர் ஆட்டமே.

இரண்டு நாள் கழித்து, பருவத்தின் இறுதி ஆட்டத்தில், 18 வயது ஜோன் பச்சோரெக் அதே மெற்ஸுக்கு எதிராக இறங்கினார். ஐந்து முறை துடுப்பெடுத்து மூன்று வெற்றி அடிகள் அடித்தார். தவறான வீச்சுகளால் மற்ற இரு முறையும் அடிக்காமலே முதல் தளத்துக்கு (பேஸ்) நடந்து போனார். நான்கு ஓட்டங்கள் எடுத்தார். ஹூஸ்டன் 13-4 என்று வென்றது. அப்படி நடந்து போன தடவைகள் சராசரிக் கணக்கில் சேராதபடியால், மூன்றுக்கு மூன்று என்று அவருடைய துடுப்பாட்டச் சராசரி இன்றும் 1.000 என்றே நிற்கிறது. ஆனால் ஏன் அதற்கடுத்த வரி இல்லை என்பதை அட்டவணை சொல்லாது. அதற்குச் சேபரின் கட்டுரைக்குத்தான் போக வேண்டும். முதுகு நோவும், 1964இல் நடந்த சத்திரசிகிச்சையும், கீழ்நிலை லீக்குகளில் 1969 வரை நீண்ட முயற்சியும், பின்னர் கலிபோர்னியாவில் உடற்கல்வி ஆசிரியராகக் கழிந்த காலமும் ஒன்றோடொன்று தொடர்பு பெறுவது அங்கேதான். நம் பகுதியில் மாணவரை மைதானத்தில் நிறுத்திப் பழக்கும் எந்த ஆசிரியரும் அந்த வரலாற்றை நெருக்கமாக உணர்வார் என்று நம்புகிறேன்.

புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பின் அதே 1963 பருவத்தில் திரும்பிவந்து பந்துவீசி, அடுத்த ஏப்ரலில் 33 வயதில் மறைந்த ஜிம் அம்பிரிக்டின் கதையையும் தவறவிடக்கூடாது. அவர் அணிந்த 32ஆம் இலக்கத்தை ஹூஸ்டன் வேறெவருக்கும் கொடுப்பதில்லை.

குறைகளும் உண்டு. இரண்டு சேவைகளும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. புள்ளிவிபரத் தளத்தின் தலைப்புகள் யாவும் சுருக்கெழுத்துகள். பழகும்வரை ஒரு மாணவர் திணறுவார். அட்டவணைகள் அகலமானவை என்பதால், சிறிய கைபேசித் திரையில் பக்கவாட்டாக நகர்த்திக்கொண்டே படிக்க வேண்டும். விளம்பரங்களும் உண்டு, டேட்டாவை அளந்து பாவிப்போர் இதைக் கவனிக்க வேண்டும். சேபரின் கட்டுரைகளைத் தன்னார்வலர்கள் எழுதுவதால் தரம் ஒரே சீராக இல்லை: சில, குடும்பம், ஊர், பழைய பத்திரிகைகள் என்று ஆழமாகத் தேடி எழுதப்பட்டவை, வேறு சில ஆட்டம் ஆட்டமாக ஓட்டக் கணக்கை ஒப்புவித்துச் சலிப்பூட்டுபவை.

ஆயினும் வன்னிக்கு இவற்றால் உள்ள பயன் பெரிது. 2009 வரையான இடப்பெயர்வுகளில் வீடும் தளபாடமும் போல விளையாட்டுப் பதிவேடுகளும் தொலைந்தன. வலயமட்டம் கடந்து மாகாணமட்டம்வரை எல்லே ஆடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த ஆண்டில், எந்த அணிக்கு எதிராக, எத்தனை ஓட்டம் என்று கேட்டால் நினைவை மட்டுமே நம்பவேண்டியிருக்கிறது. பேஸ்போல் ரெஃபரன்ஸின் ஆட்டச் சுருக்கத்தை அப்படியே பார்த்து, திகதி, மைதானம், இரு அணியினரின் முழுப்பெயர், ஒவ்வொருவரும் துடுப்பெடுத்த தடவை, ஓட்டம், ஆட்டமிழந்த விதம் என்று ஓர் அப்பியாசக் கொப்பியில் கோடு போட்டுவிடலாம். ஓடுபவரின் உடலில் பந்து பட்டு ஆட்டமிழப்பது போன்ற எல்லே விதிகளுக்கு மட்டும் ஒரு நிரலைக் கூடுதலாகச் சேர்த்தால் போதும்.

இரண்டையும் இலவசமாகவே படிக்கலாம். புள்ளிவிபரத் தளத்தின் கட்டணத் தேடற்பகுதி ஆய்வாளருக்கானது; நாம் அதற்குப் பணம் கட்டிச் சேரத் தேவையில்லை. புதிதாகத் தொடங்குவோர் 1963 ஹூஸ்டன் அணியின் பக்கத்தைத் திறந்து, ஆட்ட எண்ணிக்கை ஒன்று என்று இருக்கும் பெயர்களை முதலில் தொடட்டும். பிறகு அதே பெயர்களைச் சேபரில் தேடட்டும். பாடசாலைக் கணினி அறையின் பெரிய திரையில், ஆசிரியர் அருகிலிருந்து சுருக்கெழுத்துகளை விளக்கிப் படிப்பித்தால், ஒரு பாடவேளைக்குள் டாலையும் பச்சோரெக்கையும் முழுமையாகப் பார்த்து முடிக்கலாம்.