வடித்துச் சமைப்பதா, காயையே மாற்றுவதா?

சிறுநீரகக் கோளாறால் அப்பாவுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவோடு பொட்டாசியமும் ஏறியபோது டாக்டர் இரண்டு வழி சொன்னார். பொட்டாசியம் அதிகமுள்ள காய்களை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துச் சமைக்கலாம். இல்லையென்றால் இயல்பிலேயே குறைவாக உள்ள காய்களுக்கு மாறிவிடலாம். இரண்டையும் செய்து பார்த்து, காயை மாற்றுவது என்றே முடிவு செய்தோம்.

வடிப்பதில் பலன் இல்லாமல் இல்லை. பொட்டாசியம் சூட்டில் அழியாது, தண்ணீரில் இறங்கும். உருளைக்கிழங்கைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கொதிக்கவைத்து வடித்தால் ஏறக்குறையப் பாதி போய்விடும். துருவி வேகவைத்தால் முக்கால்வாசி. ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் போதும் என்பார்கள். வெறும் ஊறலில் பெரிதாகக் குறையாது, கொதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் நம் சமையல் அதற்குத் தோதுப்படாது. சாம்பார், கூட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி வைக்கும் சொதி எதுவானாலும் காய் வெந்த தண்ணீர் குழம்போடுதான் நிற்கும். வடிக்க வேண்டுமென்றால் அப்பாவுக்குத் தனிச் சட்டி. தினமும் இரண்டு சமையல், அவர் தட்டில் மட்டும் சப்பென்ற காய். அதைவிட, நம் வீடுகளில் காய் வெந்த தண்ணீரைக் கீழே கொட்ட மனசு வராது. ரசத்துக்கு ஆகும் என்று எடுத்து வைத்தால் போன பொட்டாசியம் அப்படியே திரும்பி வந்துவிடும். இப்படி ஒரு முறையை வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு போக முடியாது.

காயை மாற்றினால் வீட்டுக்கே ஒரே சட்டி. எங்களுக்கு இதுதான் பெரிய விஷயம். சுரைக்காய், பீர்க்கங்காய், முட்டைகோஸ், வெள்ளரிக்காய் எல்லாம் 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் பொட்டாசியத்துக்குள் அடங்கும். உருளை 400-ஐத் தாண்டும். வாழைக்காய், சேனை, முருங்கைக்காயும் கூடுதல் பக்கம்தான். மகாராஜநகர் உழவர் சந்தையில் அம்மா சுரைக்காயை நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். நகம் லேசாக இறங்கினால்தான் பைக்குள் போகும். பிஞ்சாக இருந்தால் சின்ன வெங்காயமும் சீரகமும் போதும், ஐந்து நிமிஷத்தில் வெந்துவிடும். அவியலில் சேனையும் வாழைக்காயும் போய்த் தடியங்காயும் (வெண்பூசணி) புடலங்காயும் வந்தன. அவியல் மாதிரி இல்லை என்று முதலில் சொன்ன அப்பா இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். ஆனால் அளவு முக்கியம். குறைவான காய்தானே என்று இரண்டு மூன்று மடங்கு போட்டுக்கொண்டால் கணக்கு உருளைக்கே வந்துவிடும்.

வடிப்பதை அடியோடு விடவில்லை. மறுவீடு, விசேஷம் என்று வீட்டில் சொதி வைக்கும் நாளில் அவருக்கு மட்டும் உருளையையும் கேரட்டையும் வடித்துப் போடுகிறோம். தேங்காய்ப்பாலிலும் பொட்டாசியம் உண்டு என்பதால் ஒரு சின்னக் கரண்டியோடு சரி.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அளவு வேறு. எங்களுக்கு அந்த அனுபவம் இல்லை. அவர்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம், எந்த வழிக்குப் போனாலும் 'லோ சோடியம்' உப்பை வாங்கிவிடாதீர்கள். சோடியத்தைக் குறைக்க அதில் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான்.